நாள் கணக்கை விட்டுவிடாதே, தங்கச்சி

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சிற்பப் பட்டறை. காலை எட்டு மணிக்கு உளிச் சத்தம் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை ஓயாது. இப்போது உளியோடு கட்டிங் மிஷினும் சேர்ந்துகொண்டது. கருங்கல்லில் அந்தச் சக்கரம் படுகிற சத்தத்துக்குப் படுத்திருக்கிற தெருநாய் எழுந்து ஓடும். என் இரண்டாவது மகளை செங்கல்பட்டில் அம்மா வீட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து தூளியில் போட்டபோது, அந்தச் சத்தத்திலும் அசையாமல் தூங்கினாள். "சிற்பி வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா, வயித்துலயே பழகிட்டு வந்திருக்கா" என்று அத்தைக்குப் பெருமை. மூத்தவன் கதவு கிரீச்சிட்டாலே வீறிட்டு அழுதவன் என்பதால் எனக்கும் பெருமைதான். வருகிறவர்களிடமெல்லாம் "இவ சமர்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று பதினான்காம் மாதம்தான் தெரிந்தது.

அதற்கு முன்பே, ஒன்பதாம் மாதத்தில், ஒருநாள் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பிப் பார்த்தாள். அப்பாடா என்று விட்டுவிட்டேன். என் நிழல் சுவரில் விழுந்ததைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள், அல்லது நான் கால் மாற்றி வைத்ததில் தரை அதிர்ந்திருக்கும். அந்தத் தட்டு எனக்கு ஐந்து மாதத்தை வீணாக்கியது. அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்யவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. பிறகு பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பொறந்து மூணு வாரத்துக்குள்ள யூரினோ எச்சிலோ எடுத்துப் பாத்திருந்தா, இது வயித்துலயே வந்த தொத்தான்னு சொல்லியிருக்கலாம்மா. இப்ப எடுத்தா வைரஸ் இருந்தாலும் அது எப்ப வந்துச்சுன்னு சொல்ல முடியாது." அவர் சந்தேகப்பட்ட வைரஸின் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கி சிஎம்வி என்கிறார்கள்.

இப்போது நீ திருக்கழுக்குன்றத்தில் நான்காம் மாதத்தில் இருக்கிறாய். வளைகாப்பு ஏழாம் மாதமா ஒன்பதாம் மாதமா என்று அம்மாவும் உன் மாமியாரும் இப்போதே போனில் பேசத் தொடங்கிவிட்டார்கள். நாள் கணக்கில் நம் வீட்டுப் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது. தலைக்குக் குளித்த நாள், தள்ளிப்போன நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு வரும் வைரஸ் தொற்றும் நாள் கணக்குத்தான். ஆனால் அந்த நாள்களை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதல் கணக்கு உனக்கில்லை, உன் நாத்தனாருக்கு. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதே, புடவை எடுக்கப் போகும் முன் இதை அவளிடம் சொல்லிவிடு. ருபெல்லா என்று ஒரு அம்மை இருக்கிறது. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். லேசான காய்ச்சல், மூன்று நாள் பொரிப்பொரியாகத் தடிப்பு, காதுக்குப் பின்னால் சின்னதாக நெறி கட்டும். பெரியவர்களுக்கு அவ்வளவுதான். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு வந்தால், பத்தில் எட்டுக் குழந்தைகள் வரை அதன் பாதிப்போடு பிறக்கக்கூடும். கண்ணில் புரை, காது கேளாமை, இதயக் குறைபாடு. சில குழந்தைகளுக்கு மூன்றும் சேர்ந்து வரும்.

முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 2005இல் ஆரம்பித்தது, நிப்மெட் என்பார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே போனபோது பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஏழெட்டு வயசுப் பையன், தடித்த கண்ணாடி, இரண்டு காதிலும் மிஷின். அவர் பேசும்போதெல்லாம் பையனின் கையை எடுத்துத் தன் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டார். அந்த அதிர்வில்தான் அவன் அம்மாவின் பேச்சைப் பிடிக்கிறான். அவர் என்னிடம் சொன்னார்: "ரெண்டாம் மாசம். எங்க அக்கா பொண்ணு மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தேன். உடம்பெல்லாம் பொரிஞ்சுது. வேர்க்குருன்னு நெனச்சேன், மூணாம் நாள் போயிடுச்சு." எட்டு வருடத்துக்கு முன் வந்த மூன்று நாள் தடிப்பு, இன்னும் அந்தத் தாய்க்கு நாள் உட்பட ஞாபகம் இருக்கிறது.

ருபெல்லாவுக்கும் பிறவிக் குறைக்கும் உள்ள தொடர்பை உலகம் கண்டுபிடித்ததும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த கண் டாக்டர் நார்மன் கிரெக்கிடம் கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். வரவேற்பறையில் காத்திருந்த தாய்மார்கள், மாசமாக இருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். மற்ற டாக்டர்களிடமும் விசாரித்து, 78 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்து 1941இல் எழுதினார். பெரும்பாலான தாய்மார்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அந்த அம்மை வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்கள் நாளை மறக்காமல் வைத்திருந்ததால்தான் நமக்கு இன்று ஊசி இருக்கிறது.

ஆமாம், ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவில்தான் நாட்டிலேயே முதலில் தட்டம்மை-ருபெல்லா ஊசியை 9 மாதத்திலிருந்து 15 வயசுக்குள் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி வந்து, பள்ளிக்கூட வாசலிலிருந்தே பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் முகாம் தேதியையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்று ஊசி போடாமல் திரும்பிய பெண்கள்தான் இன்று கல்யாணம் கட்டிக்கொள்கிற வயசில் இருக்கிறார்கள். அதனால் உன் மாமியாரிடம் நேராகவே கேள்: அந்த வருஷம் போட்டீர்களா, இல்லையா? போடவில்லை, ஞாபகமில்லை என்றால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். போட்ட பிறகு ஒரு மாதம் கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின்போது இந்த ஊசி போடமாட்டார்கள். தெரியாமல் போட்டுக்கொண்டு பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால் பதறக் கூடாது, அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. உனக்குப் போடவில்லை என்று தெரிந்தால் பிரசவம் ஆன பிறகு போட்டுக்கொள்ளலாம், பால் கொடுக்கத் தடையில்லை.

பக்கத்தில் இருக்கிற இலங்கையில் 1996 முதலே பெண்களுக்கு ருபெல்லா ஊசி போட ஆரம்பித்தார்கள். 2020இல் இலங்கையிலும் மாலத்தீவிலும் ருபெல்லா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கமும் முடியும்.

இனி உன் விஷயம். சிஎம்விக்குத் தடுப்பூசி கிடையாது. அதனால்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். இந்த வைரஸ் காற்றில் பறந்து வருவதில்லை. எச்சிலிலும் மூத்திரத்திலும் இருக்கும். அதுவும் சின்னக் குழந்தைகளின் எச்சிலில், மூத்திரத்தில். குழந்தைக்கு ஒரு தும்மல்கூட இருக்காது, ஓடி விளையாடும், ஆனால் மாதக்கணக்கில் அந்த வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பால்வாடிக்குப் போகிற உன் மூத்தவன் மாதிரி இரண்டு, மூன்று வயசுப் பிள்ளைகளிடம்தான் அது அதிகம்.

கர்ப்பமாக இருந்தபோது நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். மூத்தவன் இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்த தோசையை வீணாக்கக் கூடாதென்று நானே தின்றேன். அவன் கீழே போட்ட டம்ளரில் மிச்சமிருந்த பாலைக் குடித்தேன். மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு அதே கையால் முறுக்கு எடுத்துக் கடித்தேன். பாதி முறுக்கைப் பல்லால் கடித்து அவனுக்கு ஊட்டினேன், அவன் துப்பியதை நான் வாயில் போட்டுக்கொண்டேன். எது வழியாக வந்தது, என்றைக்கு வந்தது, அதுதான் வந்ததா என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் மிச்சத்தைத் தின்பது எங்காவது தப்பாகுமா? இல்லை, தப்பில்லை. நீயும் ஒருநாள் மறந்து தின்றுவிட்டால் அழுதுகொண்டு உட்காராதே. ஆனால் இந்த ஒன்பது மாதமும் அவன் தட்டு வேறு, உன் தட்டு வேறு. அவன் கரண்டி, டம்ளர், அவனுக்குப் பல் தேய்த்துவிடுகிற பிரஷ் எதுவும் உன் வாய்க்குள் போக வேண்டாம். சோறு சூடாக இருக்கிறதா என்று உன் உதட்டில் வைத்துப் பார்க்காதே, புறங்கையில் வைத்துப் பார். உதட்டில் முத்தம் வேண்டாம். உச்சியில் கொடு, கழுத்தில் முகம் புதைத்துக்கொள், கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கு. அவனைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. தம்பிப் பாப்பா வருவதற்கு முன்பே அம்மா தன்னைத் தொடுவதில்லை என்று அவன் நினைத்தால் அந்தக் காயம் ஆறாது.

மூக்கைத் துடைத்த பிறகு, கால் கழுவிவிட்ட பிறகு, ஈரத்துணி மாற்றிய பிறகு, அவனுக்கு ஊட்டிய பிறகு சோப்புப் போட்டு இருபது வரை எண்ணிக் கை கழுவு. சாதாரணச் சோப்பு போதும், விலை உயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை. குழாயடிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் சோப்பை வை. சோப்பு குளியலறையில், நீ அடுப்படியில் என்றால் நடக்காது, என் அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரும் மாசமாக இருக்கிறாள் என்றாயே, அவளுக்கும் இதைச் சொல். நம்மைவிட அவளுக்குத்தான் முக்கியம், ஒரு நாளைக்கு இருபது மூக்கு துடைக்கிறவள்.

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு, நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல், சின்ன வயசிலேயே சிஎம்வி வந்து போயிருக்கும். வந்து போனால் கவலையில்லை என்று நினைத்துவிடாதே. பழைய வைரஸ் உடம்பிலேயே தூங்கிக் கிடந்து எழுந்திரிக்கும், வேறு வகை புதிதாகவும் தொற்றும். ஆனால் முதல்முறை வருகிறபோது மூன்றில் ஒரு குழந்தைக்குப் போகிற தொற்று, முன்பே வந்தவர்களிடமிருந்து நூற்றில் ஒன்று அளவுக்குத்தான் போகும். அதனால் பயந்து சாகவும் வேண்டாம், கை கழுவாமல் இருக்கவும் வேண்டாம்.

இங்கே, இந்த மாதிரித் தொற்றுகளை ரத்தத்தில் தேடுகிற டார்ச் டெஸ்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஒரு தடவை கரு கலைந்தாலே லேபில் டார்ச் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஐஜிஜி பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் வரும். வீடே இடிந்து உட்காரும். ஐஜிஜி என்பது எப்போதோ வந்து போனதற்கான தடயம், அவ்வளவுதான். ருபெல்லாவுக்கு அது பாசிட்டிவாக இருப்பது நல்ல செய்தி, உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால்தான் சமீபத்தில் வந்திருக்கலாம் என்று சந்தேகம், அதுவும் பல சமயம் தவறாகக் காட்டும், பழைய தொற்றிலும் மாதக்கணக்கில் நிற்கும். தொற்று புதிதா பழையதா என்று பிரித்துச் சொல்ல அவிடிட்டி என்று இன்னொரு பரிசோதனை உண்டு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாராவது கருவைக் கலைக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. நம் சொந்தத்திலேயே ஒருத்தி போட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அம்மை விஷயத்துக்கு வருகிறேன். மாசி, பங்குனி, சித்திரையில் எந்தத் தெருவிலாவது வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். சின்னம்மை. உனக்குச் சின்ன வயசில் வந்துவிட்டது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அம்மா உன்னை வேப்பிலையில் படுக்கவைத்திருந்தாள். அதனால் உனக்குப் பெரிய பயமில்லை. ஆனால் அம்மையே வராத, அதற்கு ஊசியும் போடாத கர்ப்பிணி, அம்மை போட்ட வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில நாள்களுக்குள் போட்டால் பலனளிக்கிற எதிர்ப்புப் புரத ஊசி இருக்கிறது, பத்து நாளுக்குப் பிறகு அதில் பயனில்லை. முதல் 20 வாரத்துக்குள் தாய்க்கு அம்மை வந்தால் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத் தோலிலும் கை காலிலும் கண்ணிலும் குறை வரக்கூடும். அதைவிட ஆபத்தான நாள்கள் வேறு இருக்கின்றன: பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை. அந்த ஏழு நாளில் தாய்க்கு அம்மை தெரிந்தால், எதிர்ப்பு சக்தி எதுவும் கிடைக்காமல் வெறும் வைரஸ் மட்டும் குழந்தைக்குப் போகும். உயிருக்கே ஆபத்து.

"அம்மா வந்திருக்கா, டாக்டர்கிட்ட போகக் கூடாது" என்று நம் வீட்டில் சொல்வார்கள். நான் ஆத்தாளை வணங்குகிறவள்தான். ஆடி மாசம் கூழ் ஊற்றாமல் இருந்ததில்லை. வேப்பிலை இருக்கட்டும், மஞ்சள் நீர் இருக்கட்டும், மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதும் நடக்கட்டும். மாத்திரையும் சேரட்டும். கர்ப்பிணிக்கு அம்மை என்றால் மூச்சுத் திணறல் வரக்கூடும், வீட்டில் மறைத்து வைக்கிற நோய் இல்லை அது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடு, மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார வைக்காமல் தனியாகக் கூப்பிடுவார்கள்.

கொசு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மழைக்காலம் வந்தால் பஞ்சாயத்து ஆளே வந்து தொட்டியைத் திறந்து பார்க்கிறார். பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசுதான் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் கொண்டுவருவது. தமிழ்நாட்டில் ஜிகா 2017இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்குத் தெரிந்தது. பிரேசிலில் 2015இல் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்குக் காரணம் அந்த வைரஸ்தான். பிரசவ நேரத்தில் தாய்க்குச் சிக்குன்குனியா இருந்தால் குழந்தைக்கும் போகும். எங்கள் பக்கம் பாதி செதுக்கிய உரலிலும் கல்தொட்டியிலும் மழைத் தண்ணீர் நிற்கும், கடற்கரைச் சாலையோரம் குவிந்து கிடக்கிற இளநீர் ஓட்டிலும் நிற்கும். உன் மாமா இப்போது சாயங்காலம் எல்லாக் கல்லையும் கவிழ்த்துவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுகிறார். பகலில் தூங்கினாலும் கொசுவலைக்குள் தூங்கு.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இரண்டு வரியை நீயே பார். ஒன்று மஞ்சள் காமாலை பி. தாய்க்கு அது இருந்தால், குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். உனக்கு இல்லை என்றாலும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். பிறக்கும்போது இந்த வைரஸ் தொற்றிய பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது ஆயுசுக்கும் ஈரலில் தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தது, ராகுகாலம், எடை குறைவு என்று எதற்காகவும் அதைத் தள்ளிப்போட விடாதே. இன்னொன்று எச்ஐவி. 1986இல் நாட்டிலேயே முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தவர்கள் நம் சென்னைப் பெண்கள்தான், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். அப்போது மருந்தில்லை. இப்போது மருந்து எடுத்துக்கொண்டால் நூற்றில் ஐந்து குழந்தைக்கும் குறைவாகத்தான் தொற்று போகும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், யாரிடமும் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளையும் கூட வந்து டெஸ்ட் எடுக்கட்டும். "எனக்கெதுக்கு" என்பார். உனக்கு எதுக்கோ அதற்குத்தான் அவருக்கும் என்று சொல்.

காய்ச்சலோ தடிப்போ நெறியோ வந்தால், அது ஒரு நாளில் போய்விட்டாலும், தேதியைத் தாய்-சேய் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வை. அது எத்தனையாவது வாரம் என்பதையும் எழுது. கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணையும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியையும் எவ்வளவு கவனமாகக் கணக்கு வைக்கிறோமோ அதே கவனம் இதற்கும் வேண்டும். அடுத்த முறை நர்ஸம்மாவைப் பார்க்கும்போது அந்த அட்டையைத் திருப்பிக் காட்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று வந்தால் சந்தோஷம்தான், ஆனால் காது கேட்கிறதா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது.

பிறந்த பிறகுதான் என் கணக்கு தவறியது. அதனால் இதை மட்டும் மெதுவாகப் படி. சிஎம்வி தொற்றோடு பிறக்கிற நூறு குழந்தைகளில் பத்துக்குத்தான் பிறக்கும்போதே ஏதாவது தெரியும்: தலை சிறுத்திருக்கும், எடை குறைந்திருக்கும், தோலில் ஊதாப் புள்ளிகள் இருக்கும், மஞ்சள் காமாலை இறங்காது, ஈரல், மண்ணீரல் வீங்கியிருக்கும். மீதித் தொண்ணூறும் தங்க விக்கிரகம் மாதிரி இருக்கும், என் மகளைப் போல. அந்தத் தொண்ணூறிலும் பத்திலிருந்து பதினைந்துக்குப் பின்னாளில் காது போகும். ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன் ஓஏஇ என்கிற காதுப் பரிசோதனை கேள். தூங்குகிற குழந்தையின் காதில் சின்னதாக ஒன்றை வைப்பார்கள், சில நிமிடம்தான், வலிக்காது. அதில் சரியில்லை என்றால், "காதில் தண்ணி இருக்கும், மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. சிஎம்விக்கான பிசிஆர் டெஸ்ட்டை 21 நாளுக்குள் எடுக்கச் சொல். யூரினிலோ எச்சிலிலோ எடுப்பார்கள். எச்சில் என்றால் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், தாய்ப்பாலிலும் அந்த வைரஸ் இருக்கலாம் என்பதால். 21 நாள் தாண்டிவிட்டால் பிறவியிலேயே வந்ததா, பிறகு ஒட்டியதா என்று பிரிக்க முடியாது.

நாள் முப்பதுக்குத்தானே தீட்டுக் கழிக்கிறோம், அதற்குப் பிறகு வெளியே போகலாம் என்று அம்மா சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அம்மா பேச்சைக் கேட்காதே. அறிகுறியோடு பிறந்த குழந்தைக்கு வால்கான்சைக்ளோவிர் என்கிற மருந்தைப் பிறந்த ஒரு மாதத்துக்குள் ஆரம்பித்து ஆறு மாதம் கொடுத்தால், காதும் வளர்ச்சியும் ஓரளவு காப்பாற்றப்படும். ரத்த அணு குறைகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே கொடுக்கிற மருந்து அது, எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்பதைக் குழந்தைகள் டாக்டர் முடிவு செய்வார். ஆனால் நாள் போய்விட்டால் முடிவு செய்ய அவரிடம் எதுவும் இருக்காது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 2023 முதல் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் குதிங்காலில் எடுக்கிற ரத்தத் துளியிலேயே சிஎம்வி பார்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் நாம் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

முதல் காதுப் பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. சிஎம்வி உள்ள குழந்தைக்குப் பிறக்கும்போது நன்றாகக் கேட்டு, ஒரு வயசில், மூன்று வயசில்கூடக் காது மங்கும். டாக்டர் சொல்கிற இடைவெளியில் பள்ளிக்கூடம் சேர்க்கிற வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தட்டைத் தட்டிப் பார்க்காதே, நேராக பெரா என்கிற காதுப் பரிசோதனைக்குப் போ. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் காது கேட்கிறதா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் மிஷினோ பயிற்சியோ ஆரம்பம். இதுதான் கணக்கு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாக மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் என்று ஒன்று இருக்கும். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேள்.

தொற்றுள்ள குழந்தையைத் தூக்க யாரும் பயப்பட வேண்டியதில்லை. பால்வாடியில் சேர்க்கமாட்டேன் என்று சொல்லவும் யாருக்கும் நியாயமில்லை. அதே வைரஸை எந்தக் குறையும் இல்லாத பத்துப் பிள்ளைகள் அங்கேயே எச்சிலில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். என் மகளைப் பார்க்க வந்த மாசமான ஒரு சொந்தக்காரப் பெண் வாசலோடு திரும்பினாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கை கழுவினால் போதும் என்று அவளிடம் சொல்ல எனக்கு அன்று வார்த்தை வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

என் மகளுக்கு இரண்டரை வயசில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் வைத்தார்கள். ஆறு வயசுக்குள் உள்ள குழந்தைகளுக்கு அந்தத் திட்டம் உண்டு. ஆபரேஷன் ஒரு நாள், பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கு. அவள் "அம்மா" என்று சொன்னது மூன்றரை வயசில். ஆறு மாதத்தில் கண்டுபிடித்திருந்தால் எப்போது சொல்லியிருப்பாள் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாளில்லை. இப்போது பின்னால் கட்டிங் மிஷின் ஓடத் தொடங்கினால், "சத்தம்மா!" என்று முகத்தைச் சுளித்து, காதிலிருக்கிற மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறாள்.

உனக்கு வலி எடுத்த செய்தி வந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன். பிள்ளை பிறந்த தேதியிலிருந்து இருபத்தொன்று எண்ணி, உங்கள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் நானே வட்டம் போடுகிறேன். பத்தாம் நாள் காலையில் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டு என் போன் வரும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் போனை எடு.